இயர் 10 வேலை அனுபவம்: இடத்தைத் தானே தேடும் பிள்ளைக்கு எந்த வழி பொருந்தும்?

இங்கிலாந்தில் இயர் 10 (14–15 வயது) படிக்கும் பிள்ளை, பெரும்பாலும் இலையுதிர்காலத் தவணையில், வேலை அனுபவப் படிவம் ஒன்றோடு வீட்டுக்கு வரும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ ஒரு கிழமை. இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர், பொறுப்பாளர், காப்புறுதி இலக்கம் எல்லாம் நிரப்பி, நிறுவனம், பெற்றோர், மாணவர் மூவரின் கையெழுத்தோடு இன்ன திகதிக்குள் தாருங்கள். அதோடு பாடசாலையின் வேலை முடிந்தது போலத்தான் இருக்கும்.

முன்பு இப்படி இல்லை. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு வேலை சார்ந்த கற்றலை வழங்குவது பாடசாலைகளின் சட்டக் கடமையாக இருந்தது. தொழிற்கல்வி பற்றி 2011இல் வந்த வுல்ஃப் அறிக்கையின் பரிந்துரைப்படி, 2012 செப்டம்பரில் அந்தக் கடமை நீக்கப்பட்டது. பிறகு, பாடசாலைகளின் தொழில் வழிகாட்டலுக்காக 2014இல் வந்த காட்ஸ்பி அளவுகோல்கள் எட்டில் ஆறாவது, 16 வயதுக்குள் ஒரு முறையாவது வேலைத்தளத்தைப் பிள்ளை நேரில் அறிந்திருக்க வேண்டும் என்றது. 2024 தேர்தலில் தொழிற்கட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கிழமை வேலை அனுபவம் என்று வாக்குறுதி கொடுத்தது. ஆக எதிர்பார்ப்பு திரும்பி வந்துவிட்டது. இருநூறு பிள்ளைகளுக்கு இடம் தேட ஆசிரியர்களுக்குத்தான் நேரமில்லை. அதனால் தேடும் வேலை பிள்ளையின் தலையில்.

அநேகமான வீடுகளில் முதலில் எழும் கேள்வி, எந்த இடம் பெயர் பெற்றது என்பது. கேட்க வேண்டியது வேறு: செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்? திங்கள் சுற்றிக் காட்டுவார்கள். வெள்ளி கேக் வெட்டி அனுப்புவார்கள். இடையில் உள்ள மூன்று நாட்களில் வேலை சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இல்லாவிட்டால், கண்ணாடிக் கோபுரத்தின் பதினான்காம் மாடியிலும் பிள்ளை கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறோம். இன்னொன்று: இதைத் தமிழில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோராக இருப்பீர்கள். ஆனால் மின்னஞ்சல் எழுதுவதும் தொலைபேசி எடுப்பதும் பிள்ளையின் வேலை. அந்தப் பயிற்சியே பாதி அனுபவம்.

சொந்தக் கடை

மிகச் சுலபமான வழி. பல வீடுகளில் கடைசி நேர வழியும் இதுதான். ஆனால் இதில்தான் படிவம் அதிகம் திரும்பி வருகிறது.

முதற்காரணம் காப்புறுதி. ஆட்களை வேலைக்கு வைத்திருப்போர் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 50 இலட்சம் பவுணுக்கு முதலாளி பொறுப்புக் காப்புறுதி (வேலை செய்பவர் காயப்பட்டால் ஈடு கொடுப்பது) வைத்திருக்க வேண்டும். ஆனால் லிமிடெட் கம்பனியாகப் பதியாமல், நெருங்கிய குடும்பத்தவர் மட்டும் வேலை செய்யும் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் நடத்தும் கடையில் அந்தப் பத்திரமே இருக்காது. கடைக்கென்று எடுத்த பொதுக் காப்புறுதியின் இலக்கத்தை அந்தக் கட்டத்தில் எழுதி அனுப்புவார்கள். பாடசாலை கேட்டது அதுவல்ல என்று படிவம் திரும்பி வரும்.

இரண்டாவது, பல பாடசாலைகள் பெற்றோரே பொறுப்பாளராக இருப்பதை ஏற்பதில்லை. மூன்றாவது, மதுபானம் விற்கும் கடை என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர் கல்லாவில் நின்று செய்யும் ஒவ்வொரு மது விற்பனையையும் பொறுப்பான பெரியவர் ஒருவர் அந்தந்த நேரமே அனுமதிக்க வேண்டும். பக்கத்தில் நின்று தலையசைக்க எப்போதும் ஓர் ஆள் தேவை. ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளை கல்லாவில் நிற்கக் கூடாது.

வேறு வழியே இல்லையென்றால், சனிக்கிழமைகளில் செய்யும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வைக்காதீர்கள். கடையின் கணக்குப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். இருபது பொருட்களை எடுத்து, மொத்த வியாபாரியின் விலை, விற்கும் விலை, ஒரு கிழமையில் போகும் எண்ணிக்கை மூன்றையும் அட்டவணை போடச் சொல்லலாம். 80 பென்சுக்கு வாங்கி ஒரு பவுணுக்கு விற்றால், வாங்கிய விலையில் பார்த்தால் இலாபம் 25 வீதம், விற்ற விலையில் பார்த்தால் 20 வீதம். அந்த 80 பென்ஸ் வற் (பெறுமதி சேர் வரி) சேர்க்காத விலை, பொருளும் வற் உள்ள பொருள் என்றால் கதையே வேறு. ஒரு பவுணில் ஆறிலொரு பங்கு, ஏறக்குறைய 16.7 பென்ஸ், வரிக்குப் போய்விடும். கையில் நிற்பது மூன்று பென்ஸ் சொச்சம். எந்தப் பொருளுக்கு வற் உண்டு, எதற்கு இல்லை என்று தேடத் தொடங்கினாலே இரண்டு நாள் போய்விடும். இப்படி ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தால் பாடசாலையும் கொஞ்சம் மனமிரங்கும். அதைவிட நல்லது, கடை வைத்திருக்கும் நண்பரோடு பிள்ளையை மாற்றிக்கொள்வது. அவர் பிள்ளை உங்களிடம், உங்கள் பிள்ளை அவரிடம். தெரியாத முதலாளி சொல்வதைப் பிள்ளை கேட்கும். ஆனால் அவருடைய கடைக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தெரிந்தவர்களின் இடம்

அக்கவுண்டன்ட், சொலிசிட்டர், ஃபாமசி, பல் வைத்தியர், கராஜ்: எங்கள் ஆட்களிடம் இந்தத் தொடர்புகளுக்குக் குறைவில்லை. இது பெரிய பலம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிசகுவது கேட்கும் விதத்தில்தான்.

கோயிலில் வைத்து அப்பா கேட்பார். அவர், “ஓம் ஓம், தம்பியை அனுப்புங்கோ, பாப்பம்” என்பார். வீட்டில் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். ஏப்ரலில் படிவத்தைக் கொண்டுபோனால், ஜூலையில் அவர் லீவில் நிற்கிறார், அல்லது அலுவலகத்தின் மற்றப் பங்காளி சம்மதிக்கவில்லை. முகத்துக்காகச் சொன்ன சம்மதத்தில் திகதியும் இல்லை, திட்டமும் இல்லை. அப்படி இடம் கிடைத்தாலும் பிள்ளை அங்கே விருந்தாளி. ஒரு நாற்காலியும் தேநீரும் கிடைக்கும், வேலை கிடைக்காது.

அப்பா தொலைபேசி இலக்கத்தை வாங்கித் தருவதோடு நின்றுவிட வேண்டும். மிச்சத்தைப் பிள்ளை பேசட்டும்: “வணக்கம் அங்கிள், அப்பா உங்கட நம்பரைத் தந்தவர். ஜூலை ஆறாம் திகதியில இருந்து பத்தாம் திகதி வரைக்கும் எங்களுக்கு வேலை அனுபவக் கிழமை. உங்கட ஒஃபிஸில யாரோட இருந்து பழகலாம்? நீங்கள் நிக்காத நாளில நான் யாரிட்டக் கேக்கிறது?” இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இதற்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் அது இடம். “பாத்துக்கொள்ளலாம்” என்று வந்தால் வேறு இடமும் தேடத் தொடங்குங்கள். பேசிய அன்றே அதே விவரங்களை மின்னஞ்சலில் எழுதி, படிவத்தையும் இணைத்து அனுப்பிவிட வேண்டும்.

ஒரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை. சிறிய சமூகம் இது. அக்கவுண்டன்டின் கோப்பில் கிடப்பது தமிழ்ப் பாடசாலையில் கூடப் படிக்கும் பிள்ளையின் அப்பாவுடைய வரிக் கணக்காக இருக்கலாம். சொலிசிட்டரின் மேசையில் இருப்பது தெரிந்த ஒருவரின் விவாகரத்தாகவோ விசா விண்ணப்பமாகவோ இருக்கலாம். இரகசியம் காப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதன் கனத்தை வீட்டில்தான் சொல்ல வேண்டும். இராச் சாப்பாட்டில் “இண்டைக்கு யார் வந்தது?” என்று நீங்களும் கேட்கக் கூடாது. உங்களால் கேட்காமல் இருக்க முடியாது என்றால், இரண்டு ஊர் தள்ளி உள்ள அலுவலகத்தைப் பாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை அக்கவுண்டன்ட் அலுவலகம் ஜூலைக்கு நன்றாகப் பொருந்தும். ஜனவரி 31 வரித் தாக்கல் நெருக்கடி போய் நெடுநாளாகியிருக்கும், சொல்லிக் கொடுக்க ஆட்களுக்கு நேரமிருக்கும்.

தெரியாத கதவைத் தட்டுதல்

சரியாகச் செய்தால் இதுதான் கூடிய பலன் தரும் வழி. அதிக உழைப்பும் இதற்குத்தான். பதினைந்து இருபது இடங்களுக்குக் கேட்டு, பெரும்பாலானவை பதிலே போடாமல், ஒன்றிரண்டு சரி என்று சொல்லும் என்ற கணக்கோடு தொடங்க வேண்டும். ஐந்து இடத்தில் பதில் வராததும் சோர்ந்து, அப்பாவின் கடைக்குத் திரும்புகிறவர்கள்தான் கூட.

யாரைக் கேட்பது? சங்கிலிக் கடைகளின் கிளை முகாமையாளருக்குத் தானாக முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது, தலைமையகத்துக்கு எழுதச் சொல்லுவார். சொந்தமாக நடத்தப்படும் இடங்களே நல்லது: மிருக வைத்தியர், கட்டடக் கலைஞர் அலுவலகம், சைக்கிள் திருத்துமிடம், அச்சகம், சிறிய நாடக அரங்கு, பூச்செடி நிலையம், வீட்டு முகவர். ஐந்து முதல் இருபது பேர் வேலை செய்யும் இடம் அளவானது. அதைவிடச் சிறிதானால் ஒருவர் காய்ச்சலில் விழுந்தாலே பிள்ளைக்கு ஆளில்லை. தன் வீட்டிலிருந்து தனியாளாகத் தொழில் செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாடசாலைகள் பொதுவாக மறுத்துவிடும், அது நியாயமும்கூட. கட்டுமானத் தளங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களை எடுப்பது அரிது. ஆனால் அதே நிறுவனத்தின் வரைபட அலுவலகத்தைக் கேட்கலாம்.

நேரில் போவதா, எழுதுவதா? மக்கள் வந்து போகும் இடங்களுக்கு நேரில் போவது நல்லது. பாடசாலை விட்டு, சீருடையோடு, செவ்வாய் முதல் வியாழன் வரை நாலு மணியளவில். சீருடை பாதி அறிமுகத்தைச் செய்துவிடும். வீட்டு முகவரிடம் சனிக்கிழமை, கராஜுக்குத் திங்கள் காலை, உணவகத்துக்குச் சாப்பாட்டு நேரம்: இந்த நேரங்களில் போனால் “பிறகு வா” என்பதுதான் பதில். அலுவலகங்களுக்கு மின்னஞ்சல். அதுவும் பொது முகவரிக்கு அல்ல, இணையத்தளத்தில் பெயர் போட்டிருக்கும் ஒருவருக்கு.

மின்னஞ்சலின் தலைப்பிலேயே இயர் 10, வேலை அனுபவம், திகதி மூன்றும் வரவேண்டும். உள்ளே நூற்றைம்பது சொற்கள் போதும். யார், எந்தப் பாடசாலை, எந்தத் திகதிகள், தினமும் எத்தனை மணி. பிறகு, ஏன் இந்த இடம் என்பதற்கு அந்த இடத்துக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரி. “எனக்கு வடிவமைப்பில் ஆர்வம் உண்டு” என்பதை எவருக்கும் அனுப்பலாம். “நூலகத்துக்கு நீங்கள் செய்த புதிய வாசல் வழியாகத்தான் தினமும் போகிறேன், அந்தச் சரிவுப் பாதையை ஏன் வலது பக்கம் வைத்தீர்கள் என்று அறிய விருப்பம்” என்பதை ஒருவருக்குத்தான் அனுப்பலாம். அடுத்து, எந்த வேலைக்கும் தயார் என்று எழுதாமல், செய்யக்கூடியவை இரண்டைச் சொல்ல வேண்டும்: விரிதாள் தெரியும், படம் பிடித்துத் திருத்தத் தெரியும், தமிழ் பேசத் தெரியும். தமிழ் தெரியும் என்பதைப் பிள்ளைகள் எழுதாமல் விடுகிறார்கள். தமிழர் அதிகம் வாழும் ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு ஃபாமசிக்கு அது பெரிய விசயம். கடைசியாக, முதலாளி பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று பாடசாலை கேட்கும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வேலை அனுபவத்துக்கு வரும் பிள்ளை அவர்களின் வழமையான காப்புறுதிக்குள் பொதுவாக அடங்கும். பிரித்தானியக் காப்புறுதியாளர் சங்கத்தைச் சேர்ந்த நிறுவனத்திடமோ லொய்ட்ஸ் காப்புறுதிச் சந்தை ஊடாகவோ எடுத்த காப்புறுதி என்றால் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை என்று சுகாதார, பாதுகாப்பு நிர்வாகமான எச்எஸ்ஈயே சொல்கிறது. இதை அறியாமல் தயங்கும் சிறு முதலாளிகள் நிறையப் பேர்.

வீட்டு முகவரி, பிறந்த திகதி, சமூக ஊடகக் கணக்கு எதுவும் இந்த மின்னஞ்சலில் வேண்டாம். பாடசாலையின் பெயரும் தொழில் வழிகாட்டல் ஆசிரியரின் தொடர்பும் போதும்.

எந்த முகவரியிலிருந்து அனுப்புவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பாடசாலைக் கணக்கு மரியாதையாகத் தெரியும். ஆனால் பல பாடசாலைகள் மாணவர் கணக்கிலிருந்து வெளியே மின்னஞ்சல் போவதையோ வெளியிலிருந்து வருவதையோ தடுத்து வைத்திருக்கும். பிள்ளை இருபது மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும், ஒன்றும் போயே இருக்காது. முதலில் உங்கள் முகவரிக்கு அனுப்பி, நீங்கள் பதில் போட்டு, அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள். தடை இருந்தால் பிள்ளையின் முழுப் பெயரில் புதிய முகவரி ஒன்று திறக்கலாம். விளையாட்டுக்கு வைத்த பெயரில் அல்ல, அம்மாவின் முகவரியிலும் அல்ல.

ஏழு வேலை நாட்களில் பதில் வராவிட்டால் தொலைபேசி எடுக்க வேண்டும். அதற்கும் பதிலில்லை என்றால் அந்தப் பெயரை வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். இரண்டு இடம் ஒரே நேரத்தில் கிடைத்தால், வேண்டாத இடத்துக்கு அன்றே நன்றியோடு எழுதிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், அடுத்த வருசம் அதே பாடசாலைப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது.

பெரிய நிறுவனங்களின் திட்டங்கள்

வங்கிகள், சட்ட நிறுவனங்கள், பொறியியல் கம்பனிகள் பல தமக்கென்று திட்டம் வைத்திருக்கின்றன. இணையத்தில் விண்ணப்பம், சில கட்டுரைக் கேள்விகள், சிலவேளை காணொளி நேர்காணல். இவற்றில் பல இயர் 12க்கு (16–17 வயது) உரியவை. விண்ணப்பத் திகதிகளும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலுமே முடிந்துவிடும். இயர் 10 பிள்ளை இதை மட்டும் நம்பியிருந்தால் பெப்ரவரியில் கையில் ஒன்றும் இருக்காது.

செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கு இவர்கள் நன்றாகவே பதில் சொல்லுவார்கள். ஒவ்வொரு மணிக்கும் அட்டவணை இருக்கும். ஆனால் அது பத்து இருபது பிள்ளைகளுக்குப் போட்ட அட்டவணை. பேச்சு, குழு வேலை, கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பது. துறையைப் பற்றி நிறைய அறியலாம், உண்மையான வேலை கைக்கு வருவது குறைவு. சட்டமோ நிதியோதான் என்று ஏற்கெனவே தீர்மானித்த இயர் 12 பிள்ளைக்கு இது முதல் தெரிவு. சில திட்டங்கள் அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கும், இலவச மதிய உணவு பெறுவோருக்கும், குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போவோருக்கும் முன்னுரிமை தரும். தகுதி இருந்தும் கூச்சத்தால் அந்தப் பெட்டியில் அடையாளம் போடாமல் விடுகிறவர்கள் உண்டு. போடுங்கள்.

சட்டத்தில் ஆர்வமுள்ள சின்னப் பிள்ளைக்குச் செலவில்லாத மாற்று ஒன்று உண்டு. மஜிஸ்ட்ரேட் நீதிமன்றங்களின் பொது இருக்கைகள் திறந்தவை, 14 வயதானவர்கள் பொதுவாகப் போய் இருக்கலாம். ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து பார்த்த பிள்ளை, பிறகு சொலிசிட்டருக்கு எழுதும் மின்னஞ்சலில் சொல்ல ஏதாவது இருக்கும்.

வைத்தியசாலை என்ற கனவு

எங்கள் வீடுகளில் இதற்குத்தான் அடிபிடி. அரச வைத்தியசாலைகளை நடத்தும் என்எச்எஸ் ட்ரஸ்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. பல இடங்களில் 16 வயது தேவை, மாதக்கணக்கில் முந்தி விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப வைத்தியரின் ஜிபி நிலையத்தைக் கேட்டால், நோயாளிகளின் இரகசியம் கருதி, தங்களிடம் பதிந்துள்ள குடும்பத்துப் பிள்ளையை எடுக்க மறுப்பது வழமை. இயர் 10இல் வைத்தியசாலைக்குள் போகவில்லை என்று எவரும் மருத்துவ இடத்தை இழப்பதில்லை. மருத்துவப் பீடங்களின் கூட்டமைப்பே, அனுபவம் வைத்தியசாலையில்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை, மக்களைப் பராமரிக்கும், மக்களோடு பழகும் வேலைகளும் கணக்கில் வரும் என்று சொல்கிறது. முதியோர் இல்லத்தில் சாப்பாடு பரிமாறி, ஒரே கதையை நான்காம் தரமும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு நேர்முகத்தில் சொல்ல விசயம் இருக்கும். வைத்தியருக்குப் பின்னால் ஒரு நாள் நடந்து திரிந்த பிள்ளைக்கு, பார்த்தேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

நூற்றுக்கணக்கான பவுண் கேட்கும் ‘மருத்துவ வேலை அனுபவ’ வகுப்புகளுக்குக் காசு கட்டாதீர்கள். எந்த மருத்துவப் பீடமும் அதைக் கேட்பதில்லை. குடும்ப வைத்தியர்களின் றோயல் கல்லூரி நடத்தும் ஒப்சேர்வ் ஜிபி என்ற இணையக் காணொளித் திட்டம் இலவசம், 16 வயதிலிருந்து செய்யலாம். பிரைட்டன் அன்ட் சசெக்ஸ் மருத்துவப் பீடமும் இணையவழி அனுபவத்தை இலவசமாகத் தருகிறது.

பிள்ளைகளோடு வேலை செய்ய விருப்பமுள்ள இயர் 10 மாணவருக்கு, தான் படித்த ஆரம்பப் பாடசாலையைவிடச் சுலபமான இடம் கிடையாது. பிள்ளையை அறிந்தவர்கள், காப்புறுதி உண்டு, ஒவ்வொரு வகுப்பிலும் பொறுப்பான ஆள் உண்டு. டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை) சான்றிதழ் வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை எடுக்கவே முடியாது. அதனால் உங்கள் பிள்ளையைத் தனியாகச் சிறுவர்களோடு விடமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் எல்லாருக்கும் இதே யோசனை வரும். நவம்பரிலேயே கேட்டுவிட வேண்டும்.

இணையவழி

ஸ்பிரிங்பொட், ஸ்பீக்கர்ஸ் ஃபோர் ஸ்கூல்ஸ் போன்ற இணையத்தளங்களில் இலவசமாகப் பல துறைகளில் செய்யலாம். அந்தக் கிழமைக்கு மாற்றாக இதை ஏற்பதா என்பது பாடசாலையின் முடிவு. செவ்வாய்க்கிழமைக் கேள்வியில் இது தோற்றுவிடும், பக்கத்தில் எவரும் இல்லை. ஆனால் தெரியாத கதவைத் தட்டுவதற்கு முன்னர் ஒன்றைச் செய்து முடித்து, அதில் கற்ற ஒரு விசயத்தை மின்னஞ்சலில் எழுதினால், இருபதில் ஒன்றாகப் போகும் கடிதம் வாசிக்கப்படும் கடிதமாகும். அதற்கு இது நல்ல கருவி.

படிவமும் சட்டமும்

மறுப்பால் போகும் இடங்களைவிடக் கடதாசி வேலையால் போகும் இடங்கள் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வேலை அனுபவத்தில் இருக்கும் பிள்ளை, பாதுகாப்பைப் பொறுத்தவரை அந்த இடத்தின் ஊழியருக்குச் சமம். பாதுகாப்புச் சப்பாத்து, கண்ணாடி தேவையென்றால் அவர்கள்தான் தர வேண்டும். ஆபத்து மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக எழுதத் தேவையில்லை, ஏற்கெனவே இருப்பது இளவயதினரையும் கருத்தில் கொண்டிருந்தால் போதும். ஐந்து பேருக்குக் குறைவான இடமென்றால் அதை எழுதிவைக்கும் கட்டாயமும் இல்லை. ஆனால் பிள்ளை இன்னும் கட்டாயக் கல்வி வயதில் இருந்தால், முக்கியமான ஆபத்துகளையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் தொடங்குவதற்கு முன் பெற்றோருக்கு அறிவித்தாக வேண்டும். வாய்மொழியாகவோ பாடசாலை ஊடாகவோ சொல்லலாம். ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா இருந்தால் நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். வேலையை அதற்கேற்ப மாற்ற முடியும்.

சம்பளம் கிடையாது. கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது. நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பது மணி என்பதைத் தாண்டவிடாதீர்கள். நாலரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் அரை மணி ஓய்வு. இலவச மதிய உணவு பெறும் பிள்ளை என்றால் அந்தக் கிழமைக்கு என்ன ஏற்பாடு என்று பாடசாலையைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லாமல் விடுவதுண்டு.

பாடசாலை வேண்டாம், ஆகஸ்ட் விடுமுறையில் நாங்களே ஒழுங்கு செய்கிறோம் என்று சிலர் நினைப்பார்கள். அங்கே சட்டம் மாறிவிடும். இலாபத்துக்கு நடக்கும் தொழிலில் பிள்ளை உதவி செய்தாலே, காசு வாங்காவிட்டாலும், அது வேலை என்றுதான் கணக்கு. கட்டாயக் கல்வி வயது முடியாத பிள்ளைக்கு உள்ளூர் கவுன்சிலின் வேலை அனுமதி தேவை, மணித்தியாலக் கட்டுப்பாடும் இறுக்கமானது. 16 வயது வந்தவுடன் கட்டாயக் கல்வி வயது முடிந்துவிடாது, அந்தப் பாடசாலை ஆண்டின் ஜூன் கடைசி வெள்ளிக்கிழமைதான் முடியும். பாடசாலை ஏற்பாட்டில் போகும் வேலை அனுபவத்துக்கு இந்த அனுமதிச் சிக்கல் இல்லை. அதனால் இடத்தைப் பிள்ளை தேடினாலும், பாடசாலையின் படிவம் வழியாகவே போகட்டும்.

எப்போது எதை

ஜூலைக் கிழமைக்கு, ஒக்டோபரில் பட்டியல், நவம்பரில் மின்னஞ்சல்கள், நத்தாருக்கு முன் தொலைபேசி, ஜனவரியில் கையெழுத்து. படிவத்தைக் கொடுத்த பின் பாடசாலை சரிபார்க்கச் சில கிழமை எடுக்கும். கூச்சமுள்ள பிள்ளைக்கு ஆரம்பப் பாடசாலை, நூலகம். கையால் செய்ய விரும்பும் பிள்ளைக்கு சைக்கிள் கடையோ கராஜோ. இன்னும் எதுவும் பிடிபடாத பிள்ளைக்குத் துறையைப் பார்க்காமல் நல்ல பொறுப்பாளரைப் பார்த்து எடுங்கள். தெரிந்தவர்களின் இடத்தை இரண்டாம் இடமாகக் கையில் வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் அது இரண்டாம் இடம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

கடைசி நேரத்தில் இடம் கைவிட்டால், அன்றே தொழில் வழிகாட்டல் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் விட்டுப்போன இடங்கள் அவரிடம்தான் வந்து சேரும். கைவிட்ட நிறுவனத்திடமே, வேறு யாரையாவது தெரியுமா என்று கேட்பதும் பலன் தரும். சங்கடத்தில் இருப்பவர் ஒரு தொலைபேசி அழைப்பையாவது எடுத்துத் தருவார்.

தொடங்குவதற்கு ஒரு கிழமை முன் பிள்ளை ஒரு தடவை பேருந்தில் தனியாகப் போய் வரட்டும். வாசல் எது, மணி எத்தனைக்கு, என்ன உடுப்பு, சாப்பாடு கொண்டுபோவதா என்று கேட்டு வைக்கட்டும். அந்தக் கிழமை தினமும் மாலையில் மூன்று வரி எழுதி வைத்தால் பிறகு உதவும். 2026 சேர்க்கையிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் தனிக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள், அதில் ஒன்று கல்விக்கு வெளியே செய்த ஆயத்தம் பற்றியது. வெள்ளிக்கிழமை புறப்படும்போது, பின்னாளில் நற்சான்றுக்கு யாரைக் கேட்கலாம் என்று பெயரையும் மின்னஞ்சலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றிக் கடிதம் திங்களுக்குள் போக வேண்டும். சனிக்கிழமை வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்றும் அதிலேயே கேட்கலாம். சரி என்றால், கவுன்சில் அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வேண்டியது முதலாளி.